ஹவுகெட்டோவில் ஒரு காட்டைக் கூட்டினேன்

என்னைக் கூப்பிட்டது சடங்குக்கு. ஒஸ்லோவில் இருக்கிற என் தம்பி தயாபரனுடைய மகள் நிலானிக்குச் சாமத்தியச் சடங்கு. தண்ணீர் வார்க்க மாமி வேண்டும். அவளுக்கு மாமி என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். விசா கிடைத்தது, போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு மண்டபத்தில் சடங்கு முடிந்துவிட்டது. என் வேலை அரை மணித்தியாலம். விசாவோ முப்பது நாள். மிச்ச நாட்களில் முதல் பத்து நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பி குடும்பம் இருப்பது ஹவுகெட்டோவில். ஒஸ்லோவின் தெற்குப் பக்கம். நான்கு மாடிக் கட்டடங்கள் ஏழெட்டு, அவற்றுக்குப் பின்னால் பைன் மரக் காடு. குடியிருப்பவர்களே சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கிற இடம். நிர்வாகக் குழு உண்டு, வருடக் கூட்டம் உண்டு, கூட்டத்தில் சண்டையும் உண்டு. நான் ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறவள். அதனால் இந்த ஏற்பாடு எனக்கு உடனே விளங்கியது. அந்த நாட்டில் எனக்கு உடனே விளங்கிய விஷயம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை தம்பியின் மனைவி வதனி பாணும் மண்ணிறமான ஒரு பாற்கட்டியும் வைத்தாள். பார்த்தால் எங்கள் தொதல் இனிப்புப் போல இருந்தது. தொதல் என்று நினைத்துப் பெரிய துண்டாக வெட்டி வாயில் போட்டேன். இனிப்பு, உப்பு, ஆட்டு வாடை மூன்றும் ஒன்றாக வந்தன. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"மச்சாள், அதை மெல்லிசாச் சீவித்தான் சாப்பிடுறது," என்றாள் வதனி. "நானும் வந்த புதிசிலை உப்பிடித்தான் முழுங்கினனான்."

பகலில் அவள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். நிலானி பள்ளிக்கூடம். தம்பி பஸ் ஓட்டுகிறான். அதிகாலை நான்கரைக்கு பஸ் கொட்டகையில் நிற்க வேண்டும். வீட்டில் நான் தனியே. விடிகிற நேரமும் பொழுதுபடுகிற நேரமும் பிடிபடவில்லை. இரவு பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம் இருந்தது. ஊரில் நான் எழும்பியதும் முற்றம் கூட்டுவேன். இங்கே முற்றம் இல்லை. பல்கனியைக் கூட்டினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வதனி என்னை நகரத்துக்கு அழைத்துப்போய்க் கடைகளைக் காட்டிவிட்டு, திரும்பும்போது என்னை மட்டும் ரயிலில் ஏற்றிவிட்டாள். அவளுக்குப் பின்னேர வேலை. "நாலாவது தரிப்பு ஹவுகெட்டோ. இறங்கினால் எங்கடை கட்டடம் தெரியும்," என்றாள். எண்ணிக்கொண்டே வந்தேன். ஹவுகெட்டோ வந்தது. எழும்பிக் கதவடியில் நின்றேன். கதவு திறக்கவில்லை. யாரிடம் என்ன மொழியில் கேட்பது? ரயில் வெளிக்கிட்டுவிட்டது.

அடுத்தது ஹொல்ம்லியா. பின்னால் நின்ற ஓர் இளைஞன் கையை நீட்டிக் கதவிலிருந்த பொத்தானை அழுத்தினான். கதவு திறந்தது.

"ஆன்ட்டி, தமிழா? இது தானா தொறக்காது. பட்டனை அழுத்தணும்," என்றான். என் பொட்டைப் பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேலைக்குச் சென்னையிலிருந்து வந்தவனாம்.

"ஓம் தம்பி, எனக்கு உது தெரியேல்லை. ஹவுகெட்டோவிலை இறங்க நிண்டனான்," என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க கேரளாவா?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"சாரி ஆன்ட்டி, சாரி," என்று மூன்று தடவை சொல்லி, திரும்பிப் போகிற ரயிலின் மேடை வரை கொண்டுபோய் விட்டான். ஹவுகெட்டோவில் பொத்தானை நானே அழுத்தி இறங்கினேன். வீட்டில் இதைச் சொன்னபோது நிலானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

புதன்கிழமை தம்பிக்கு ஓய்வு. காட்டோரம் நடந்தோம். கட்டடங்களுக்கும் காட்டுக்கும் இடையில் ஒரு துண்டு நிலம், பைன் மரங்கள் ஐந்தாறு, ஓரத்தில் இரண்டு பேர்ச் மரம். தம்பி நின்று அதைக் காட்டினான்.

"இதிலை பத்துக் கார் விடலாம் அக்கா. மூண்டு வருஷமாக் கேக்கிறம். இப்ப இருக்கிற பார்க்கிங் நிரம்பிப் போச்சு. நான் ஸ்டேஷனுக்கு அங்காலை, பள்ளத்திலை விட்டிட்டு ஏறி வாறன். கால் மணித்தியாலம்."

போன பனிக்காலம் விடிய முன்னர் காரை எடுக்கப் போகும்போது ஐஸில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். ஆறு வாரம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. இது அவன் ஊருக்கு எழுதாத விஷயம். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

"அப்ப ஏன் விடமாட்டினமாம்?"

"கீழ்மாடியிலை ரைடார் எண்டு ஒரு மனுசன். ட்ராம் கொட்டகையிலை திருத்துற வேலை செய்து பென்சன் எடுத்தவர். இதுக்குள்ளை ஏதோ அருமையான பூ இருக்காம். அடுத்த செவ்வாய் கூட்டம். வாக்கெடுப்பு. ஒரு பூவுக்காக நான் மற்றக் கையையும் முறிக்கோணும்."

நான் எட்டிப் பார்த்தேன். பேர்ச் மரங்களின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள், முழங்காலுக்கும் கீழே, நிறையப் பூத்திருந்தன. வடிவான பூ. பாவம், இதைத்தான் அந்த மனிதர் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். தம்பியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. அவன் ஏற்கெனவே கோபமாக இருந்தான்.

சனிக்கிழமை டுக்னாட். வருடத்தில் ஒரு நாள் எல்லா வீட்டுக்காரரும் வெளியே வந்து சம்பளமில்லாமல் இடத்தைத் துப்புரவாக்குவதற்குத்தான் அந்தப் பெயர். எங்கள் சிரமதானம் போல. வேறுபாடு என்னவென்றால் இங்கே பேச்சாளர் யாரும் இல்லை. பத்து மணி என்றால் பத்து மணிக்கே தொடங்கிவிட்டார்கள். "வராட்டில் பிறகு படியிலை கண்டால் முகத்தைத் திருப்புவினம்," என்றாள் நிலானி. வதனி முதல்நாளே எண்பது ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். பக்கத்துத் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் ஏதோ ஊர்வலத்துக்குப் பயிற்சியாக பாண்ட் வாசித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார்கள்.

என்னையும் ஒருவர் பார்த்து, கையில் ஒரு இலைவாரியைத் தந்து, காட்டோரப் பாதையைக் காட்டினார். நீளமான பிடி, விரல் போல விரித்த கம்பிகள். வந்து ஏழு நாளில் முதன்முதலாக எனக்கு ஒரு வேலை. யாருடனும் கதைக்கத் தேவையில்லாத வேலை. அரை மணித்தியாலத்தில் பாதையை முடித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மற்றவர்கள் கால்வாசிகூட முடிக்கவில்லை, நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் முற்றம் கூட்டுகிறவள் தன் வேலி வந்ததும் நிற்பதில்லை. ஒழுங்கையையும் சேர்த்துக் கூட்டுவாள். இங்கே வேலியே இல்லை. பாதைக்கு அப்பால் பைன் ஊசிகள் விரலளவு தடிப்பில் கிடந்தன. பாசி, காய்ந்த சுள்ளி, போன வருடத்துச் சருகு. இத்தனை பேர் இருந்தும் எப்படி இதை இப்படி விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வாரத் தொடங்கினேன்.

வெள்ளைப் பூக்களை ஒன்றுகூட நான் தொடவில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி, குந்தியிருந்து கையால் சருகு பொறுக்கினேன். பைன் மரங்களுக்கு நடுவில் மட்டும் ஒரு பற்றை, ஒரு சாண் உயரம் வரும். தடித்த, பளபளத்த கரும்பச்சை இலைகள், ஓரம் வாள் பல்லு மாதிரி. அவற்றின் நடுவிலிருந்து காய்ந்த குச்சிகள், நுனியில் மண்ணிறமாகச் சின்னக் காய்கள். கம்பியில் மாட்டி மாட்டி இடைஞ்சல் தந்தன. இலைவாரியால் இழுத்தேன், மிச்சத்தைக் கையால் பிடுங்கினேன். நிலத்தோடு முறிந்து இலகுவாக வந்தன. ஒரு இலையைக் கடித்துப் பார்த்தேன். நல்ல கசப்பு. மருந்துக்கு ஆகும் போலிருக்கிறது என்று எண்ணியபடியே பையில் போட்டேன்.

நடுவில் தம்பி தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "நல்லாக் கூட்டியிருக்கிறியள் அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினொன்றரை அளவில் அந்த இடம் எங்கள் முற்றம் போல ஆகிவிட்டது. மண் தெரிந்தது, இலைவாரியின் கோடுகள் வரிவரியாக இருந்தன, நடுவில் வெள்ளைப் பூக்கள் அழகாக நின்றன. மூன்று பை குப்பை. வாயை இறுக்கிக் கட்டி, வாடகைக்கு எடுத்திருந்த பெரிய குப்பைத் தொட்டியில் போட்டேன். மகிழ்ச்சியாகக் கை கழுவினேன்.

பிறகு கோப்பி, சோசேஜ், வதனியின் ரோல்ஸ். ரோல்ஸ்தான் முதலில் முடிந்தது. உயரமான, மெலிந்த ஒருவர் ரோல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டோரம் நடந்து போனார். திரும்பி வரும்போதும் அது கடிபடாமல் அப்படியே கையில் இருந்தது. நேரே தம்பியிடம் வந்தார். சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில் நான்கைந்து வசனம். சுற்றி நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள்.

நிலானி என் பக்கத்தில் நின்றாள். "என்னவாம்?" என்றேன்.

"ரைடார். நீங்கள் அவரின்ரை பூவைப் பிடுங்கிப் போட்டீங்களாம்."

"ஐயோ, நான் பூ ஒண்டும் தொடேல்லையே! எல்லாம் நிக்குது, வந்து பாக்கச் சொல்லு."

அவள் அதை அவரிடம் சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். வெள்ளைப் பூ காடு முழுக்க இருக்கிறதாம். அவர் சொல்கிற பூ ஆடி மாதத்தில்தான் பூக்கும். இப்போது இலை மட்டும்தான். அந்தத் தடித்த இலை. அதற்குப் பெயர் பிட்டர்க்ரொன். நிலானியின் மொழிபெயர்ப்பில் 'கசப்புப் பச்சை'. இந்தப் பக்கத்துக் காடுகளில் இப்போது காண்பதே அரிதாம். ஒவ்வொரு ஆடியிலும் அவர் பூத்தண்டுகளை எண்ணிக் கொப்பியில் எழுதி வைக்கிறார். போன வருடம் பதினேழு.

தம்பி ஏதோ சொன்னான். ரைடார் பதில் சொன்னார். யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்.

"அப்பா சொன்னவர், அக்கா விருந்தாளி, ஒண்டும் தெரியாது எண்டு," என்றாள் நிலானி. அவள் முகம் சிவந்திருந்தது. "ரைடார் சொல்லுறார், கூட்டத்துக்கு மூண்டு நாள் இருக்கேக்கை இலைவாரியோடை வாற விருந்தாளியாம். அப்பாதான் வேணுமெண்டு செய்விச்சவராம்."

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பகல் வேலை. "வாங்கோ அக்கா, பஸ்ஸிலை இருந்து ஊர் பாருங்கோ," என்று கூட்டிப்போனான். அவன் ஆசனத்துக்குப் பின்னால் முன் இருக்கையில் இருந்தேன். ஏறுகிறவர்கள் வெறுமையான இரட்டை இருக்கையைத் தேடிப் போய் யன்னலோரம் இருப்பார்கள். பக்கத்தில் பை வைப்பார்கள். எல்லா இரட்டை இருக்கைகளிலும் ஒவ்வொருவர் ஆனதும், பிறகு ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே வருகிறார்கள். ஆட்களை நெருக்கி அடைக்கிற எங்கள் தட்டிவானில் பழகிய எனக்கு அது விநோதம். மலை, கடல், கப்பல், சிலைகள் என்று தம்பி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டிய நாட்களில் விரல் விறைத்துக் கத்தியைப் பிடித்திருப்பதே தெரியாது என்றான். பஸ்ஸில் சூடாக இருந்து வேலை செய்வது பெரிய உயர்வு என்றான். பூவைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

கடைசித் தரிப்பில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். எட்டு நிமிடம் நிற்க வேண்டும். தம்பி பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி எனக்குத் தந்தான்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ."

"நான் கூட்டேக்கை நீ வண்டியோடை வந்தனி. அது என்ன செடியெண்டு உனக்கு அப்ப தெரியுமே?"

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பஸ்ஸில் யாரும் இல்லை.

"தெரியும். அந்தாள் வருஷா வருஷம் கூட்டத்திலை படம் காட்டுறவர்."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"நான் உங்களைச் செய்யச் சொல்லேல்லை அக்கா. நீங்களாத்தான் செய்தனீங்கள். பாதி ஏற்கெனவே போயிட்டுது. போகட்டும் எண்டு விட்டன்." தேநீரைக் குடித்தான். "விழுந்த அண்டைக்கு அந்த இருட்டிலை ஒருத்தரும் இல்லை. ஒரு கையை ஊண்டித் தவண்டு ரோட்டுக்கு வந்தனான். அது ஒருத்தற்றை கொப்பியிலையும் இல்லை."

எட்டு நிமிடம் முடிந்தது. அவன் கதவுகளைத் திறந்தான். ஒரு கிழவி நாய்க்குட்டியோடு ஏறி அவனுக்கு வணக்கம் சொன்னாள்.

திங்கட்கிழமை முழுவதும் நான் யோசித்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொன்னால் அது உண்மை. தம்பி செய்விக்கவில்லை என்று சொன்னால் அதுவும் உண்மை. அதற்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை. தம்பியின் பெயரும் தப்பும், கார் விடவும் இடம் கிடைக்கலாம். நிலானியின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து நான்கு வசனம் எழுதினேன். சங்கக் கடைக் கூட்டங்களில் இருபத்தெட்டு வருடமாகக் கடைசி வரிசையில் இருந்து ஒரு தடவைகூட நான் எழும்பிப் பேசியதில்லை.

"எழும்பத்தான் வேணுமோ மாமி?" என்றாள் நிலானி. "நான் சும்மா வாசிச்சு விடுறனே."

"செய்தது நான். நான்தான் நிக்கோணும்."

செவ்வாய் பின்னேரம் கூட்டம். நிலவறையில் பொது அறை. நாற்பது, ஐம்பது பேர். மேசையில் வாஃபிளும் ஜாமும். கூரையில் ஒழுக்கு, மின்கட்டணம், சைக்கிள் வைக்கிற இடம் என்று ஒன்றரை மணித்தியாலம் போனது. பிறகு கார்த் தரிப்பிடம். ரைடார் சுவரில் ஒரு படம் காட்டினார். அன்றுதான் அந்தப் பூவைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு, மெழுகில் செய்தது போல. ஒரு தண்டில் நாலைந்து, குடைக்கம்பிகள் போலப் பிரிந்து, எல்லாம் நிலத்தைப் பார்த்துத் தொங்கின. அடுத்த படம் சனிக்கிழமை எடுத்தது. வெறும் மண். என் இலைவாரியின் கோடுகள். ரைடார் போய்த் தன் கதிரையில் இருந்தார்.

நான் எழும்பினேன். தாளைப் பார்த்து வாசித்தேன், நிலானி ஒவ்வொரு வசனமாக நோர்வே மொழியில் சொன்னாள். இதைச் செய்தது நான். எங்கள் ஊரில் நிலத்தை வெறுமையாகக் கூட்டி வைப்பதுதான் துப்புரவு. வெள்ளைப் பூதான் உங்கள் பூ என்று நினைத்து அதைக் காப்பாற்றினேன். என்னை ஒருவரும் செய்யச் சொல்லவில்லை.

வெள்ளைப் பூ என்றபோது சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு அல்ல. ரைடார் படத்தைத் திரும்பிப் பார்த்தார். வெறும் மண்ணின் ஓரத்தில் வெள்ளைப் பூக்கள் ஒன்றும் குறையாமல் நின்றன. அவர் முகம் சற்று இளகியது. பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"மாமி, இவ்வளவு நேரம் கூட்டினீங்களாம், எல்லாரும் அதாலை போய் வந்தவையாம். ஒருத்தரும் காணேல்லையோ எண்டு கேக்கிறார்."

தாளில் அதற்கு வசனம் இல்லை. இல்லை என்று தலையாட்டினால் போதும். மொழிகூடத் தேவையில்லை. நிலானி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

பின்னால் ஒரு கதிரை அரைபட்ட சத்தம் கேட்டது. தம்பி எழும்பி நின்றான். நோர்வே மொழியில் பேசினான். நீளமாக இல்லை. நடுவில் இடது கையைத் தூக்கி மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினான். பேசி முடித்த பிறகும் இருக்கவில்லை.

நிலானி மொழிபெயர்க்கவில்லை.

"என்னடி சொல்லுறான்?"

"அப்பா கண்டவராம்," என்றாள் மெதுவாக. "கண்டு போட்டுச் சொல்லாமல் போனவராம்."

தலைமை தாங்கிய பெண் தண்ணீர் குடித்தாள். ரைடார் தம்பியை நேராகப் பார்த்து, "தக்," என்றார். நன்றி என்ற அந்தச் சொல் மட்டும் எனக்கே தெரியும். அதன் பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். தரிப்பிடக் கதை இன்னும் ஒரு வருடத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. தம்பி எதற்குக் கை உயர்த்தினான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஏறும்போது படியில் அவன் எனக்கு முன்னால் போனான். கதவடியில் நின்று, "நீங்கள் என்னத்தைச் சொல்லப் போனனீங்கள் அக்கா?" என்றான்.

"தெரியேல்லையடா," என்றேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை ரைடார் கூப்பிட்டு, தாவரங்கள் படித்த ஒரு பெண் வந்தாள். நிலானி பள்ளிக்கூடம் போகுமுன் அரை மணித்தியாலம் நின்று மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் நல்ல காற்சட்டையோடு ஈர மண்ணில் முழங்காலிட்டு, விரலால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். வெளிறிய நூல் போன்ற வேர்த்தண்டுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. மேலே முறிந்திருந்தாலும் கீழே உயிர் இருக்கிறது என்றாள்.

பிடுங்கியதைத் திரும்ப நடலாமா என்று கேட்கச் சொன்னேன். நடக்கூடாதாம். இந்தச் செடி மண்ணிலிருக்கிற ஒரு பூஞ்சணத்தோடு சேர்ந்துதான் சீவிக்கும். சாடியில் வைத்தால் செத்துவிடும், வேறு காட்டில் வைத்தாலும் செத்துவிடும். ப்ளூபெரிக்கும், பாறைகளில் வளர்கிற ஹெதர் செடிக்கும் இது சொந்தக் குடும்பம். ஆனால் இதன் நேர் இனத்தில் உலகம் முழுவதற்கும் ஒருசில வகைகள்தான். இந்த நாட்டில் இது ஒன்று மட்டும். அறிவியல் பெயருக்குப் பனிக்காலத்தை விரும்புவது என்று கருத்தாம். பனிக்குக் கீழேயும் இலை பச்சையாகவே இருக்கும்.

"இந்த முறை பூக்குமோ?"

அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். அடுத்த வருடமாக இருக்கலாம், அதற்கடுத்ததாகவும் இருக்கலாம். நிலம் வெறுமையாகக் கிடந்தால் வெயிலில் காய்ந்து எல்லாம் போய்விடும். அதே சருகு, அதே பைன் ஊசி, அதே பாசியைத் திரும்பப் போட்டு மூட வேண்டும். வேறு இடத்தது வேண்டாம்.

குப்பைத் தொட்டியை வியாழக்கிழமை தூக்கிப் போக வருகிறார்கள். ரைடாரும் நானும் போனோம். அதற்குள் நூறு பைக்கு மேல் இருந்திருக்கும், எல்லாம் ஒரே கறுப்பு. மற்றவர்கள் வாயைச் சும்மா முறுக்கிவிட்டிருந்தார்கள். நான் கடையில் சீனிப் பை கட்டுகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன். தொட்டிக்குள் ஏறி நின்று முடிச்சைப் பார்த்துப் பார்த்து மூன்றையும் இழுத்தெடுத்தேன். ரைடார் வெளியே நின்று வாங்கினார். பிடுங்கிய இலைகளை அவர் தனியே பொறுக்கி வைத்தார். நான்கு நாளாகியும் அவை வாடாமல் பளபளவென்று இருந்தன. அதைப் பார்க்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

முதல் பையை அவிழ்த்துக் கையால் பரப்பினேன். கூட்டின இடத்திலேயே குப்பை கொட்டுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை தன்பாட்டில் சீராக, ஒரே தடிப்பில், ஓரம் ஒழுங்காகப் பரப்பிக்கொண்டு போனது. பாய் விரித்தது போல வந்துவிட்டது. ரைடார் பார்த்துத் தலையைச் சொறிந்தார். குனிந்து என் வேலையை விரல்களால் கலைத்துவிட்டு, ஒரு பிடி அள்ளி மேலேயிருந்து விழவிட்டுக் காட்டினார். விழுந்தபடி கிடக்கட்டும் என்று அர்த்தம். நானும் அப்படிச் செய்து பார்த்தேன். விழுந்த பிறகு கை நீட்டிச் சரிசெய்யப் போனேன். அவர் "நை, நை" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

தம்பி வேலை முடிந்து பஸ் உடுப்போடு பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். எங்களைக் கண்டு நின்றான். முதல்நாள் கூட்டத்துக்குப் பிறகு அவனும் ரைடாரும் கதைக்கவில்லை. தன் வேலைப் பையைத் தோளிலிருந்து கழற்றி ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்து, மிச்சமிருந்த இரண்டு பைகளில் பெரியதைத் தூக்கினான்.

ரைடார் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். தம்பி இடது கையை நீட்டினான். ரைடார் அந்த மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவனிடமிருந்து பெரிய பையை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சிறியதை அவன் வலது கையில் கொடுத்தார்.